புகையை இழுக்காத காற்றாடி

போன வாரம் எங்கள் ஆயர் ஈத்தாம் பிளாட்டில் ஹால் காற்றாடி சுற்ற மறுத்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் முனகல் மட்டும்தான். என் மனைவி துடைப்பக் கட்டையால் இறக்கையை ஒரு தட்டுத் தட்டினாள்; சுற்ற ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷம் மோட்டார் வேலையில் சோறு தின்றவனை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகம் சுளித்தாள்.

"சுத்துதுங்க. ஆனா காத்து வரலயே."

கப்பாசிட்டர் செத்துப்போனால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று அந்த மோட்டாருக்குத் தெரியாது. தட்டிய பக்கம் ஓடும். அவள் தட்டியது தலைகீழ்ப் பக்கம். சிரித்திருக்க வேண்டும் நான். ஆனால் அந்த வார்த்தையை ஏற்கெனவே ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்த புதிது. சட்டைப் பையில் கரண்ட் பார்க்கும் டெஸ்ட் பென்னைச் செருகிக்கொண்டு, கரண்டைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பதுபோல நடப்பேன். எலக்ட்ரானிக் போர்டுகளில் ஈயம் பற்றவைக்கும் பெண்களிடம் வலியப் போய்ப் பாடம் நடத்துவேன். பொறுமையாகக் கேட்டவர் ரெஜினா அக்கா ஒருவர்தான். பைராம் தோட்டத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வருவார். கணவருக்கு வேலை இல்லை. அக்காவின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நான் நடத்திய பாடம் இதுதான். மோட்டாரின் வெளிச்சுருள்களுக்கு மூன்று வயர்களில் கரண்ட் வருகிறது. மூன்றும் ஒன்றாக உச்சத்துக்கு வராது, முறை வைத்து வரும். அதனால் காந்த இழுப்பு வட்டமாக ஓடுகிறது. நடுவில் இருக்கும் உருளைக்கு வயரே கிடையாது. காந்தம் அதைக் கடந்து ஓடும்போது அதற்குள்ளேயே கரண்ட் பிறந்து, அதுவும் காந்தமாகிப் பின்னால் ஓடும், ரொட்டிக்காரரின் மோட்டார்சைக்கிளைத் துரத்தும் பிள்ளைகள் மாதிரி. எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. பிடித்துவிட்டால் உள்ளே கரண்டும் இல்லை, இழுப்பும் இல்லை.

"பாவம் லா அது," என்றார் அக்கா.

மூன்றில் எந்த இரண்டு வயரை இடம் மாற்றினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்றும் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

அவர்கள் வரிசைக்கு மேலே ஈயப்புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய காற்றாடி ஒன்று இருந்தது. அதன் மோட்டார் கருகி, புதுச் சுருள் போட்டு வந்தது. மாட்டியவன் நான்தான். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. உறிஞ்சும் வாயில் டிஷ்யூத் தாளைக் காட்டுவோம். ஒட்டினால் வேலை முடிந்தது. ஒட்டியது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க ஏணி கொண்டுவர வேண்டும். சாப்பாட்டு நேரம் வேறு. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ரெஜினா அக்கா வந்தார். "தம்பி, சுத்துது. ஆனா இழுக்க மாட்டேங்குது லா." நான் மறுபடியும் டிஷ்யூவை ஒட்டிக் காட்டினேன். இருமிக்கொண்டே பார்த்துவிட்டுப் போனார். சூப்பர்வைசர் கேட்டபோதும் நன்றாக ஓடுகிறது என்றேன். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. இருமலில் அக்காவின் கை வேகம் குறைந்தது. வேலைக்குச் சாக்குச் சொல்கிறார் என்று பேர் வந்தது. மாதக் கடைசியில் அக்காவே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார்.

அடுத்த வாரம் குழாயைச் சுத்தம் செய்ய மூடியைத் திறந்தேன். காற்றாடிக் கூட்டின்மேல் அம்புக்குறி ஒரு பக்கம், சுவிட்சை அணைத்தும் ஓடிக்கொண்டிருந்த காற்றாடி சுற்றியது மறுபக்கம். அந்த வகைக் காற்றாடி தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்றை அதே வழியில்தான் இழுக்கும். டிஷ்யூவுக்குப் போதும், புகைக்குப் போதாது. இரண்டு வயர்களை மாற்றிப் போட்டேன். மறுநாள் பெண்கள் எல்லாரும் காற்று நன்றாக இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கடைசிச் சம்பளச் சீட்டு வாங்க வந்த அக்காவை கேட் அருகே பார்த்தேன். அவராகவே பேசினார்.

"நீ நல்லா இருக்குன்னு சொன்னப்புறம்தான் தம்பி, கோளாறு எனக்குத்தான்னு புரிஞ்சுச்சு."

நான் சட்டைப் பையிலிருந்த டெஸ்ட் பென்னைச் சரிசெய்துகொண்டேன். பஸ் வந்தது, ஏறிப் போனார்.

சில வருஷம் கழித்துத் தைரியம் வந்து தோட்டத்துக்குப் போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அக்கா எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இப்போது அந்த வரிசையும் இல்லை, அந்த பஸ்ஸும் இல்லை. மூடிய பெட்டிக்குள் இயந்திரமே ஈயம் வைக்கிறது. மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைத் திரையே காட்டிவிடுகிறது. டிஷ்யூ காட்டும் வழக்கம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

நேற்று ஹால் காற்றாடிக்குப் புதுக் கப்பாசிட்டர் போட்டேன். காற்று நேராக இறங்கியது.

"இவ்ளோதானா வேலை?" என்றாள் மனைவி.

இவ்வளவுதான். அன்று அந்த இரண்டு வயரை மாற்றவும் ஐந்து நிமிஷம்தான் ஆனது. கேட் அருகே அக்காவிடம் அதைச் சொல்ல அந்த நேரம்கூட ஆகியிருக்காது.