கப்பல் வெளிக்கிட்ட கதை

கனடாவிலிருந்து வந்த அக்கா, நயினாதீவு அம்மனின் மதியப் பூசைக்கென்று சொகுசுக் கப்பலில் இடம் பதிந்திருந்தார். பூசை பார்க்கும்வரை பச்சைத்தண்ணீரும் குடிப்பதில்லை என்று நேர்த்தி.

ஏழு மணிப் பயணத்தை ஒன்பதாக்கி, ஏறும் இடத்தை ஊர்காவற்றுறைக்கு மாற்றிவிட்டதாக நேற்றுக் குறுஞ்செய்தி வந்தது.

இன்று பத்து மணியாகியும் துறையில் கப்பல் இல்லை. அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஓம் அக்கா, கப்பல் வெளிக்கிடுது."

எங்கள் ஊரில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. உடுத்துச் சோடிப்பதற்கும் அதே சொல்தான். அக்கா வீட்டில் "வெளிக்கிடுறன்" என்றால், நான் பத்திரிகையை மரண அறிவித்தல் வரை வாசித்துவிடலாம்.

பதினொன்றரைக்குக் கப்பல் வந்தது. கொடிகள், பலூன்கள், காயாத நீலப் பெயின்ற்.

"தம்பி, இதை நேற்றுச் செய்திருக்க ஏலாதோ?" என்று அக்கா மாலுமியைக் கேட்டார்.

"நீங்கள் வாறியள் எண்டுதான் அக்கா வெளிக்கிடுத்தினனாங்கள்."

அக்காவின் சேலையிலும் நீலம் ஏறியது.

கோயில் வாசலுக்கு ஓடிச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. அக்கா குருக்களைக் கேட்டார். "பூசை முடிஞ்சுதோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. அம்மாள் இன்னும் வெளிக்கிட்டு முடியேல்லை."

அக்கா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தலையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

நாளை மாலை அவருக்கு விமானம். இப்போதே வெளிக்கிடச் சொல்லியிருக்கிறேன். நேரம் காணுமா, அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.