பரீனாவின் வியாழக்கிழமைக் கூட்டம்

அன்று வியாழக்கிழமை. பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதரைக்குப் பரீனாவின் தம்பி அழைத்தார். "சேர், பரீனா ராத்தா மௌத்தாயிட்டா. விடிய நெஞ்சு நோகுது எண்டவ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கையே முடிஞ்சுது. பின்னேரம் அஸர் தொழுகையோடை அடக்கம்." நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். கூட்டம் நடக்கவில்லை. பரீனா எங்களோடு வேலைக்குச் சேர்ந்த பிறகு தவறிய முதல் கூட்டம் அதுதான்.

அவரை அறிந்தவர்களுக்கு மேசையில் இருக்கும் பிஸ்கற் ரின்னையும், அந்தத் தகரப் பெட்டியையும் தெரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். தரவுகளை ஆராய்ந்து அறிக்கை எழுதிக் கொடுப்பது தொழில். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வியாழனன்று, முடித்த வேலையில் எது சரிவந்தது, எது பிசகியது என்று எல்லோரும் இருந்து பேச வேண்டும். நான் தலைவன் என்பதால் நானே பேசுவேன்; மற்றவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்தக் கூட்டத்தைப் பரீனா கையில் எடுத்தார். ஆளுக்கொரு காகிதத் துண்டில் பிழையை எழுதி ரின்னுக்குள் போட வேண்டும், அவர் வாசிப்பார். பெயர் எழுதத் தேவையில்லை.

வலிகாமத்துக் கிணறுகளின் நீர்மட்டம் பற்றிய வேலை வந்தது. எந்தக் கிராமத்துக்குத் தண்ணீர்ப் பவுசர் லொறி முதலில் போவது என்பதை எங்கள் வரைபடம் சொல்லும். எங்கள் ஊர்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வீட்டுக்காரர் கனடாவில். அளக்கப் போனவர்கள் அட்டவணையில் அந்தக் கிணறுகளுக்கு நேரே கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அறிக்கை கொடுக்கும் அவசரத்தில் நான் வெறும் கட்டங்களுக்கெல்லாம் பூச்சியம் போட்டேன். வரைபடத்தில் பூட்டிய வீடுகள் கூடிய ஒரு கிராமம் வறண்டு சிவந்துபோனது. பவுசர் போய்ப் பூட்டின கேற்றுகளுக்கு முன்னால் ஹோர்ன் அடித்தது. உண்மையாகவே கிணறு வற்றிய கிராமம் குடங்களோடு காத்திருந்தது.

அந்தக் கிழமைத் துண்டுகள் எல்லாம் அளக்கப் போனவர்களையே குறை சொல்லின. என்னுடையதும்தான். வாசித்து முடித்த பரீனா கேட்டார்: "பூச்சியம் போட்டது ஆர் எண்டு நான் கேக்கேல்லை. அதைக் கண்டவை ஏன் கதைக்கேல்லை எண்டுதான் கேக்கிறன்."

எங்களில் இளையவரான வாசுகி தலைகுனிந்தபடி சொன்னார்: "கண்டனான் அக்கா. சேரிட்டை எப்பிடிச் சொல்லுறது?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "வெறும் கட்டம் எண்டா ஒண்டுமில்லை எண்டுதானே?" என்று சத்தம் போட்டேன்.

பரீனாவின் குரல் உயரவில்லை. "நாங்கள் புத்தளத்திலை இருந்த காலத்திலை யாழ்ப்பாணத்து எங்கடை வீட்டுக்கு நேரேயும் வெறும் கட்டம்தான் இருந்திருக்கும், சேர். அதுக்காக வீடு இல்லையெண்டு ஆகுமோ?"

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் யாழ் நகரத்தை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது. பிறகு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துச் சொன்னார்: "பிழை உங்கடை, பயம் எங்கடை. ரெண்டையும் திருத்தோணும்." அன்றைக்கே அறிக்கை கேட்டவர்களை அழைத்துப் பிழை என்னுடையது என்று சொன்னேன். மறுநாள் பவுசர் சரியான கிராமத்துக்குப் போனது.

அதன்பின் துண்டுகளில் எல்லோரும் பெயர் எழுதினோம். முதல் பெயர் என்னுடையது. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அது பொய்யானது. ஒரு பிழைக்கு ஒரு திருத்தம், அதற்கொரு ஆள். அடுத்த கூட்டம் "செய்தாச்சோ?" என்ற அவருடைய கேள்வியோடுதான் தொடங்கும். புகைப்பதை விடுகிறேன் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் போய் இரண்டு கிழமை கழித்து மறுபடி கூடினோம். ரின்னைத் திறந்தேன். முதல் துண்டு: "பரீனா அக்கா கடைசியாகச் செய்த மழை அட்டவணையில் ஒரு கிழமையின் மழை இரண்டு தரம் கூட்டப்பட்டிருக்கிறது. வாசுகி."

செத்தவர்களைக் குறை கதைக்கிறதோ என்று என் நாக்கு நுனி வரை வந்தது. வாசுகியின் கண் கலங்கியிருந்தது, ஆனால் இந்த முறை தலை குனியவில்லை. "அக்கா இருந்திருந்தா இதைத்தான் முதல் வாசிச்சிருப்பா, சேர்."

ஜனாஸா அடக்கத்தில் நான் அழவில்லை. அந்த மேசையில் அழுதேன், பெருமையில். ஒரு காலத்தில் என் பிழையைச் சொல்லப் பயந்த பிள்ளை, உயிராய் நேசித்தவரின் பிழையைப் பெயர் போட்டு எழுதியிருக்கிறாள். பரீனா கட்டிய கூட்டம் அவர் இல்லாமலும் நிற்கிறது.

ரின்னை வாசுகி எடுத்துக்கொண்டார். இனி வாசிப்பது அவர். நான் வைத்துக்கொண்டது ஒரு சொல். இன்று காலை, அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வந்து இருந்த பிறகு, வாசுகியைப் பார்த்து அதைத்தான் கேட்டேன்.

"செய்தாச்சோ?"

"ஓம் சேர். அக்காவின்ரை அட்டவணை இப்ப சரி."