பொம்மையைக் குளிப்பாட்டிப் படிச்ச வருஷம்

அன்புள்ள பிலோ,

இவ்வளவு ராத்திரியில உட்கார்ந்து எழுதறேன், மன்னிச்சுக்கோ. செல்வி இப்பத்தான் தூங்கினா. என் புடவைத் தலைப்பைக் கையில சுருட்டிக்கிட்டுத் தூங்கறா. அதான் எழுத்து இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது.

சாயங்காலம் அவளைக் குளிப்பாட்டும்போது, திடீர்னு அந்த ரப்பர் பொம்மை வாசனை வந்தது...

பால்வாடி டீச்சர் வேலைக்கு நாம படிச்ச பால சேவிகா ட்ரெயினிங்ல இருந்ததே, ஒரு கண்ணு மட்டும் மூடாத பொம்மை. வேப்பெண்ணெய் சோப்பு, ஈர ரப்பர், ஒரு பக்கம் நசுங்கின அலுமினியத் தொட்டி. இத்தனை வருஷம் கழிச்சும் மூக்குலயே இருக்கு.

"முழங்கையால தண்ணிச் சூடு பாருங்க. கழுத்தைத் தாங்குங்க. குழந்தையோட பேசிக்கிட்டே குளிப்பாட்டணும்"னு டீச்சர் சொல்ல, நீ அந்தப் பொம்மையைப் பார்த்து, "ஏண்டா ராஜா, ஒரு கண்ணை மட்டும் தொறந்து வெச்சு யாரைடா பார்க்கறே?"ன்னு கேட்டே. கிளாஸே சிரிச்சது. உன்னை வெளியே நிக்க வெச்சாங்க.

வெளியே நின்னவ சும்மா இருந்தியா? பின்தெருவுல தறிச் சத்தம் கேட்ட வீட்டை எட்டிப் பார்த்துட்டு ஓடி வந்தே. "அடியே, அங்க நிஜக் குழந்தையே இருக்கு. தறிக்கால்ல கட்டிப் போட்டிருக்காங்க!"

மறுநாள் பாடமே அதுதான். நெய்யறவங்க காலை விட்டு உட்கார்ற தறிக்குழி பக்கம் போயிடக் கூடாதுன்னு நெசவுக்காரங்க தவழற பிள்ளையைத் தறிக்கால்ல கட்டிடறாங்க, கட்டிப் போட்ட குழந்தை மந்தமாயிடும், தாய்மார்களுக்கு இதை எடுத்துச் சொல்றதுதான் உங்க முதல் வேலை... நாம பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினோம்.

தாமல்ல இருந்து வந்த கோகிலாவை ஞாபகம் இருக்கா?

நம்ம பேட்ச்ல பிள்ளை பெத்தவ அவ ஒருத்திதான். கைக்குழந்தையை நாத்தனார்கிட்ட விட்டுட்டு ஹாஸ்டலுக்கு வந்தா. தாய்ப்பாலைப் பத்தி கிளாஸ் நடக்கும்போது அவ ரவிக்கை நனைஞ்சுக்கிட்டே இருக்கும். நீதான் உன் துண்டை எடுத்து அவ தோள்ல போடுவே. துவைக்கிற கல்லுப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னு, பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவா.

ஒரு நாள் பொம்மையைக் குளிப்பாட்ட அவ முறை வந்தது. எடுத்தவ, தண்ணியில வைக்கல. தோள்ல சாய்ச்சு முதுகைத் தட்டிக்கிட்டே நின்னா. யாரும் சிரிக்கல. டீச்சர் ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. பொம்மையை மெதுவா மேஜை மேல படுக்க வெச்சுட்டு, ரூமுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கிட்டா.

"புள்ளைக்கு என் மூஞ்சி மறந்துபூடும்பா. நான் போறேன்."

பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தோம். நீ வழியெல்லாம் அழுதே. நான், "அடுத்த பேட்ச்ல வந்து சேர்ந்துக்குவா, விடு"ன்னேன். சாயங்காலம் ரிங் பால் விளையாடினோம். கையை வீசிக்கிட்டு நடந்த காலம்...

இப்ப என் கதையைக் கேளு.

இவருக்கு ஆரணிக்கு மாத்தலாயிடுச்சு. சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போறார். வீட்டுல வேற யாரும் இல்ல. அதனால செல்வியையும் பால்வாடிக்கே தூக்கிட்டுப் போறேன். பொங்கலோட சமையல் ஆயாம்மா நின்னுட்டாங்க. அடுத்த ஆளை இன்னும் போடல. பால் பவுடர் கரைக்கிறது, கஞ்சி காய்ச்சறது, பாட்டு சொல்லித் தர்றது எல்லாம் நான் ஒருத்திதான். ஒரு நாள் திரும்பிப் பார்த்தா செல்வி அடுப்புக்கிட்ட தவழ்ந்து போயிட்டிருக்கா...

பழைய புடவையைக் கிழிச்சு, அவ இடுப்புல ஒரு முடிச்சு, ஜன்னல் கம்பியில ஒரு முடிச்சு. ஆமா பிலோ, நான்தான்.

இந்த ஊர்த் தறி வீட்டு ருக்மணி, தன் மகனைப் பால்வாடியில விட வந்தவ, பார்த்துட்டா. "இன்னா டீச்சரம்மா, எங்களைக் கட்டாதே கட்டாதேன்னு சொல்லிக்கினு, நீ ஜன்னல்ல கட்டி வெச்சிக்கினு இருக்கிறியே! சொல்லியிருந்தா எங்கூட்டுத் தறிக்கால்லயே ஓர் ஓரமா கட்டியிருப்பேனே"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். அவ செல்வியை அவிழ்த்துத் தூக்கிக்கிட்டுப் போய் மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்தா. ஆனா தினமும் அவளால முடியுமா? அவளுக்கும் தறி இருக்கே.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் வந்த அன்னிக்கு செல்வி கம்பியிலதான் இருந்தா. அந்தம்மா திட்டல. "நீங்க ட்ரெயினிங் எடுத்தவங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

இப்ப ஆர்டர் வந்திருக்கு. மெட்ராஸ்ல ரெண்டு மாசம் மறுபயிற்சி. ஹாஸ்டல்ல தங்கணும். குழந்தையோட வரக் கூடாது. போகலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. குழந்தையை என்ன செய்யறதுன்னு கேட்டேன். "வீட்டுல விட்டுட்டு வாங்க"ன்னாங்க.

எந்த வீட்டுல, பிலோ?

இவர் வேலையை விட்டுடுங்கறார். விட்டா ஆரணியிலயும் இங்கயும் ரெண்டு குடித்தனம் எப்படி நடக்கும்னு அவரும் சொல்லல, நானும் கேட்கல. செல்வி இன்னும் என் பால்தான் குடிக்கிறா. படுத்தா கோகிலா முகம்தான் வருது. அந்தக் குழந்தை அவளை அடையாளம் கண்டுச்சான்னுகூட நாம விசாரிக்கலையே...

நேத்து மனசு கேக்காம கட்டை அவிழ்த்து விட்டேன். "வாடா கண்ணு, வா வா"ன்னு கையை நீட்டினேன். அவ வரல. துணி எட்டற தூரம் எதுவோ, அதுக்குள்ளயே உட்கார்ந்துக்கிட்டு என்னைப் பார்த்தா.

அன்னிக்குப் பொம்மை கை நழுவினா மார்க்தான் போச்சு.

உனக்கே ரெண்டு இருக்கு, பெரம்பூர்ல இடமும் சின்னதுன்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன். ரெண்டு மாசம் செல்வியை வெச்சுக்க முடியுமா? தினம் சாயங்காலம் ஹாஸ்டல் கேட் மூடறதுக்குள்ள வந்து பால் கொடுத்துட்டுப் போயிடுவேன். முடியாதுன்னா முடியாதுன்னே எழுது. இந்த மாசக் கடைசிக்குள்ள நான் பதில் சொல்லியாகணும்.

சீக்கிரம் பதில் போடு.

உன்,
வசந்தா