இரண்டு முறை தீ மிதித்த பெயர்

லுவோ வான்-ருங் யாரையும் லேசில் நம்பமாட்டாள். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கீரை வாங்கினால் நாலு தண்ணீரில் அலசுவாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களையும் அப்படித்தான் அலசி அனுப்பினாள் என்று தொங்காங் துறைமுகத்தில் ஒரு பேச்சு உண்டு, அதை அவளும் மறுத்ததில்லை. ஊர் அவளை அ-ருங் என்று கூப்பிடும். டயர் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு கணினி. அவற்றை வைத்துக்கொண்டு விடுதிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுத்து வந்தாள். மாட்ஸு கோயிலின் பக்கமும் அவள் பொறுப்புதான். அதை முதலில் கட்டிய புண்ணியவான் தைபேய்க்குப் போய்விட்டான், போன் போட்டால் எடுக்கமாட்டான்.

கோயில் பக்கத்தில் முக்கியமான காரியம் விளக்கு. வீட்டில் யாருக்கு நல்லது நடக்க வேண்டுமோ அவர் பெயரைப் பக்கத்தில் தட்டி ஒரு விளக்கு எடுப்பார்கள். அந்தப் பெயர் மண்டபத்துப் பெரிய திரையில் ஓடும். பூசை நாளில் பூசாரி திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராக மாட்ஸு அம்மன் முன்னால் வாசிப்பார். ஊரில் பாதி ஆண்கள் கடலில் இருப்பவர்கள், அம்மன் கடலைக் காப்பவள். அந்தத் திரையை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

விளையாடவும் ஒருவன் வந்தான். அம்மன் பிறந்தநாளுக்கு முந்தின வாரம், யாரோ ஒரு வீணாய்ப்போனவன் பெயர் கேட்ட இடத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு நிரல் துண்டைத் தட்டிவிட்டான். திரை அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாமல் கட்டளையாக எடுத்துக்கொண்டது. அம்மனுக்கு நேர் எதிரே, ஊதுபத்திப் புகைக்கு நடுவில், உள்ளாடை விளம்பரம் ஒன்று ஆடிக்கொண்டு வந்து நின்றது. கோயில் செயலாளர் ஷு கையிலிருந்த பழத்தட்டைத் தூக்கித் திரையை மறைக்கப் பார்த்தார். திரையோ சுவர் அகலம்.

அ-ருங் அன்றைக்கே ஒரு சின்ன உதவி நிரல் எழுதினாள். எந்தப் பெயரும் அதற்குள் நுழைந்துதான் திரைக்குப் போகவேண்டும். கூர்முனைக் குறி, மேற்கோள் குறி, '&' குறி என்று வில்லங்கம் செய்யக்கூடியவை எதுவானாலும் அதன் பல்லைப் பிடுங்கிவிடும். கண்ணுக்கு அதே குறிதான் தெரியும், ஆனால் கட்டளை போடும் வேலை நடக்காது. அதற்கு அவள் வைத்த பெயர் குவோஹுவோ. திருவிழாவில் சாமி பல்லக்கைத் தூக்கிக்கொண்டு தணல்மேல் ஓடுவார்களே, அழுக்கெல்லாம் போகட்டும் என்று, அந்தச் சடங்கின் பெயர். அதே சொல்லுக்கு அளவு மீறிப் போவது என்றும் அந்த ஊரில் பொருள் உண்டு. பெயர் வைக்கும்போது அவளுக்கு அது தோன்றவில்லை.

பிறந்தநாள் அன்று காலையில் ரப்பர் பூட்ஸ் சத்தம் படியேறி வந்தது. மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் யேவ் அக்கா. கையில் செதில்கூடக் கழுவாமல் வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரை நம்பராக்கிட்டியே, பொண்ணு."

அவள் கணவர் ஹுங் வென்-குன் தொலைதூரச் சூரைமீன் படகில் இருந்தார். வாரம் தவறாமல் பேசுகிற மனிதர் கொஞ்ச நாளாகப் பேசவில்லை. படகில் ரேடியோ கோளாறு என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் வேறென்ன சொல்வார்கள்? மனசு கேட்காமல் விடிந்ததும் விளக்கையாவது பார்க்கலாம் என்று கோயிலுக்குப் போயிருக்கிறாள். திரையில் ஹுங் இருந்தது, வென் இருந்தது. குன் இருக்கவேண்டிய இடத்தில் '堃' என்று இருந்தது.

அ-ருங் அவளை உட்காரவைத்து, பயப்படாதீர்கள் என்றாள். "அது வெளிப்பார்வைக்குத்தான்க்கா அப்படித் தெரியுது. உள்ள பேரு சரியாத்தான் இருக்கு."

"பூசாரி உள்ள பார்த்தா வாசிப்பாரு? நம்பரைப் பார்த்தா தாண்டிப் போயிருவாரு. இன்னிக்குத் தாண்டிட்டா அம்மா காதுல அவர் பேரே விழாது."

அ-ருங் கணினிப் பக்கம் திரும்பினாள். அதற்குள் செயலாளர் ஷு தாமே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். குவோஹுவோ என்று பேர் வைத்தால் அளவு மீறத்தானே செய்யும் என்று படியேறும்போதே ஆரம்பித்தார். பூசை பிற்பகல்தான், அந்த நிரலைத் தூக்கிக் கடாசு, பழையபடி ஓடட்டும் என்றார். தூக்கினால் உள்ளாடை திரும்பி வரும், இன்றைக்கு ஊரே மண்டபத்தில் இருக்கும் என்றாள் அ-ருங். அவர் முகம் சுருங்கியது. அப்படியானால் சாதாரணக் குன்னைப் போட்டுவிடு, சத்தம் ஒன்றுதானே, அர்த்தமும் ஒன்றுதானே என்றார்.

யேவ் அக்கா எழுந்துவிட்டாள். அவள் கணவரின் குன் அபூர்வமான எழுத்து. மேலே சதுரம் என்ற எழுத்து இரண்டு, கீழே மண் என்ற எழுத்து. கப்பல் அலுவலகத்திலிருந்து பல் ஆஸ்பத்திரிவரை அவள் அதைச் சொல்லிச் சொல்லியே எழுதவைத்திருக்கிறாள்.

"சாதாரணக் குன் போட்ட ஹுங் வென்-குன் எங்க தெருவிலயே ஒருத்தன் இருக்கான். நூடுல்ஸ் கடையில குடிச்சிட்டுக் கரையிலேயே தள்ளாடுறான். என் விளக்கு அவனுக்கு எதுக்கு?"

செயலாளர் சிரித்துவிட்டார். யேவ் அக்கா சிரிக்கவில்லை. "உங்களுக்கு வால் முளைச்சப்ப நீங்க சும்மா இருந்தீங்களா, ஷு அண்ணே?"

அது பழைய கதை. ஷு என்ற அந்த எழுத்தைக் கண்டால் அந்தக் காலத்துக் கணினிகளுக்கு என்ன வருமோ, பின்னாலேயே ஒரு சாய்கோட்டைத் துப்பும். மின்கட்டண ரசீதில், கல்யாண மண்டப ரசீதில், எங்கும் அவர் பெயருக்கு ஒரு வால். தொங்காங்கில் அவரை வால் ஷு என்றே கூப்பிட்டார்கள். மனிதர் அதற்காக அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சண்டை போட்டவர். இப்போது ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். பூசாரி உட்காரும்வரை பார், அதற்குமேல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

உள்ளே சரியாக இருக்கிறது என்று அத்தனை உறுதியாகச் சொன்னாளே, அந்த உள்ளேயைத் திறந்து பார்த்தாள் அ-ருங். அங்கேயும் எண்தான் இருந்தது. நாலு தண்ணீரில் அலசுகிறவள் இதை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கொஞ்சம் யோசித்ததும் விஷயம் பிடிபட்டது. பழைய பக்கம் பழைய எழுத்துப் பட்டியலை வைத்து ஓடியது. இரண்டு சதுரமும் மண்ணும் அந்தப் பட்டியலில் இல்லை. யேவ் அக்கா பெயரைத் தட்டியபோது உலாவி தானாகவே எழுத்துக்குப் பதில், கணினியில் அதற்கு உள்ள எண்ணை, இது எழுத்தின் எண் என்று காட்ட முன்னால் ஒரு '&' குறியோடு அனுப்பிவிட்டது. இத்தனை வருஷமும் எண் திரைக்குப் போய் எழுத்தாக மாறிக் காட்டியது, யாருக்கும் தெரியவில்லை. ஆக அந்தப் பெயர் வாசலிலேயே ஒரு தடவை தீ மிதித்துத்தான் உள்ளே வந்திருக்கிறது. அவளுடைய நிரல் முன்னாலிருந்த '&' குறியைப் பிடித்து இரண்டாம் முறையும் தணலில் இறக்கிவிட்டது.

ஒரே வரியில் தப்பித்துக்கொள்ளலாம். '&' குறியை மட்டும் விட்டுவிடு என்று எழுதினால் குன் உடனே வந்துவிடும். விரல் விசைப்பலகைவரை போனது. ஆனால் எதை விட்டுவிடுகிறோமோ அதன் வழியாகத்தான் அடுத்தவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். உள்ளாடைக்காரன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான். அவள் கையை எடுத்தாள்.

எல்லாப் பெயரையும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தாள். பக்கத்தை எல்லா எழுத்தும் உள்ள புதுப் பட்டியலுக்கு மாற்றினாள். உள்ளே கிடந்த எண்களை உண்மையான எழுத்துகளாக்கினாள். பெயர் பெயராகவே உள்ளே இருக்கட்டும், திரைக்குப் போகும் வாசலில் மட்டும், ஒரே ஒரு முறை, தீ மிதிக்கட்டும். மாறிய எழுத்து சரிதானா என்று பார்க்க ஆள் வேண்டும். ஆள் பக்கத்திலேயே இருந்தாள். மீனவக் குடும்பம் ஒவ்வொன்றும் யேவ் அக்காவுக்கு அத்துப்படி. நல்லது என்ற எழுத்து இரண்டு பக்கத்தில் பக்கத்தில் என்றால் ஐஸ் ஆலைக்காரர் மகன், சரி. அடுத்தது, சரி. கணவர் பெயர் வந்தபோது மட்டும் விரலால் காற்றில் சதுரம், சதுரம், மண் என்று எழுதிப்பார்த்தாள். செதில் மணக்கிற அந்தக் கையை அ-ருங் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பூசாரி உட்கார்ந்துவிட்டார். செயலாளர் ஷு திரைக்குப் பக்கத்திலேயே நின்றார், இந்தத் தடவை பழத்தட்டு இல்லாமல். பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன. வீணாய்ப்போனவனின் நிரல் துண்டும் வந்தது, அ-ருங் அதை வேண்டுமென்றே அழிக்காமல் வைத்திருந்தாள். கூர்முனைக் குறியும் மற்றதுமாக வெறும் எழுத்தாக வந்து, ஒன்றும் செய்யமுடியாமல் மேலே போய் மறைந்தது. பூசாரி அதைக் கண்ணாடி வழியாக முறைத்துவிட்டுத் தாண்டினார். ஷு திரும்பி அ-ருங்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஹுங் வரிசை வந்தது. ஹுங் குடும்பங்கள் அந்த ஊரில் ஏராளம். குடிகாரருக்கும் யாரோ விளக்கு எடுத்திருந்தார்கள், சாதாரணக் குன் முதலில் வந்துபோனது. யேவ் அக்கா அ-ருங்கின் முழங்கையை இறுக்கினாள். அடுத்த வரியில் இரண்டு சதுரம், அடியில் மண், கொஞ்சமும் சிதறாமல் வந்து நின்றது. பூசாரி நிமிர்ந்து அந்த எழுத்தைப் பார்த்தார், நிதானமாக வாசித்தார்.

"ஹுங் வென்-குன்."

யேவ் அக்கா, பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது சொல்வதுபோல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இருக்காரு."