தெரியாது என்று சொன்ன மிஸி

போன வாரம் மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனை. டிங்கியாக இருக்குமோ என்று வார்டில் சேர்த்துவிட்டார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

மதியம் மருந்து கொண்டுவந்தவள், கல்லூரி முடித்து இப்போதுதான் வேலைக்கு வந்த தாதி; எங்கள் பேச்சில் மிஸி. மருந்தை ஊட்டாமல் நின்றாள்.

"அக்கா, வீட்டு மருந்து ஏதும் குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தேன். கார் பார்க்கில், கைப்பையில் கிடந்த பழைய கிளினிக் சிரப். கவுண்டரில் கேட்டபோது இல்லை என்று தலையாட்டியிருந்தேன்... திட்டுவார்களோ என்ற பயம். எத்தனை அம்மாக்கள் இப்படிச் செய்திருக்கிறோம்?

புட்டியை எடுத்துக் கொடுத்தேன். லேபிள் பாதி அழிந்திருந்தது.

"இதுல என்ன மருந்துன்னு எனக்குத் தெரியலக்கா. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன்."

அந்தத் 'தெரியல' என் கணவருக்குப் போதுமானதாக இருந்தது. "மிஸிக்கே தெரியலன்னா எப்படி?" என்று நேராக வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் போய்விட்டார். வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமோ?

அவள் திரும்பி வந்தாள். "பழைய கிளினிக்குக்கு போன் பண்ணிக் கேட்டாங்கக்கா. ரெண்டும் ஒரே மருந்துதான். சாயங்காலம் குடுத்தா போதும்னு டாக்டர் சொல்றாரு."

அவள் கேட்காமல் ஊட்டியிருந்தால்?

வெளியே போனவளைக் கவுண்டரில் சிஸ்டர் பிடித்துக்கொண்டது கதவு வழியாகக் கேட்டது.

"பேஷண்ட் முன்னாடி தெரியாதுன்னு சொல்லாதேன்னு எத்தன தடவ சொல்றது? கான்ஃபிடென்ட்டா பேசணும்லா. இன்னொரு கம்ப்ளெய்ன் வந்தா உன்ன வேலையில கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்க."

பிரிக்பீல்ட்ஸில் தாதிமைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் என் தோழியைப் போனில் பிடித்தேன். அவள் சிரித்தாள், சந்தோஷமாக அல்ல.

"கேக்காம மருந்து குடுத்தா நாங்க பெயிலாக்குறோம். கேட்டா இவங்க வேலைய விட்டுத் தூக்குறாங்க. பிள்ளைங்க என்னதான்டி செய்யும்?"

நியாயமான கேள்விதானே? முதல் நாளே பத்து வருட அனுபவம் வேண்டும் என்கிறார்கள். வேகம் வேண்டும், சிரித்த முகம் வேண்டும், சந்தேகம் மட்டும் வரவே கூடாது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் போட்டோஸ்டாட் மெஷினைக்கூட நாலு பேரைக் கேட்டுத்தான் தொட்டேன். என்னை யாரும் அனுப்பிவிடவில்லை. பேப்பருக்கு ஒரு நியாயம் — பிள்ளைக்கு ஒரு நியாயமா?

எழுந்தேன். "எங்க போற?" என்றார் கணவர். கவுண்டருக்குப் போனேன். தேவையில்லாமல் வாயைக் கொடுக்கிறோமோ?

"சிஸ்டர், எங்க கம்ப்ளெய்ன எடுத்துடுங்க. அந்த மிஸியே வரட்டும்."

"உங்க ஹஸ்பண்ட்தான் மேடம் வேற ஆள் கேட்டாரு."

"பிள்ளைக்கு அம்மா நான் சொல்றேன். கவுண்டர்ல மருந்து குடுக்கலைன்னு சொன்னது நான். மறுபடியும் கேட்டது அவ மட்டும்தான். அதையும் எழுதிக்கோங்க."

சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

சாயங்காலம் மருந்து ஊட்ட அவளே வந்தாள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவள்தான் என் மகன் கட்டிலருகே நிற்க வேண்டும். எல்லாம் தெரிந்த மாதிரி நடிப்பதற்கு அவனுக்கு அப்பா அம்மா போதும்.