ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுட்ட தண்ணீர்

ஆம்பூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களிடம் போய், வெயிலில் தண்ணீர் காய வைக்க அரசாங்கம் மானியம் தருகிறது என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எங்கள் தெருவே சிரித்தது. "சித்திரையில குழாயத் தொறந்தாலே சுடுதண்ணிதானே வருது, இதுக்கு மிஷின் வேறயா?" என்று பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம் அது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்திருந்தேன்.

அப்பா ஒரு டேனரியில் மேஸ்திரி. பதனிட்ட தோல்களைக் காய வைக்கும் கொட்டகை முழுக்க அவர் பொறுப்பு. சாயங்காலம் வந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போய் இரண்டு வாளி வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைப்பார். பச்சைத் தண்ணீருக்கு அந்த வாடை போகாது. அதனால் அம்மா தினமும் நாலு மணிக்கே அண்டாவை அடுப்பில் ஏற்றிவிடுவார். எரிப்பதற்கு, டேனரியில் தோல் பதனிட ஊற வைத்து, சாறு இறங்கிய பிறகு கழித்துப் போடும் மரப்பட்டை. சும்மா கிடைப்பது, பாதி ஈரம், எரிவதை விடப் புகைவதுதான் ஜாஸ்தி. இருபத்தைந்து வருஷம் அந்தப் புகையைக் குடித்ததில் அம்மாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. சமையலை எப்போதோ மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மாற்றிவிட்டோம். அண்டாவை ஸ்டவ்வில் வைக்க முடியுமா? "இனிமே அடுப்புப் பக்கமே போகக் கூடாது. போனா அடுத்த தடவ ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

நான் அப்போது ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். வந்து போகும் பேப்பரையெல்லாம் படிக்கிற வேலை. அதில்தான் அந்த அரசாங்க விளம்பரம் கண்ணில் பட்டது. விண்ணப்பத்தை மூன்று பிரதி டைப் அடித்து அனுப்பினேன். பதில் வரத் தாமதமானபோது இன்னும் மூன்று பிரதி அனுப்பினேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஆபீசிலும் சொல்லியிருப்பார்கள். எப்படியோ அனுமதி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: மிஷினைப் பொருத்திச் சில வாரம் கழித்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அது ஒழுங்காக வேலை செய்தால்தான் மானியம். இல்லையென்றால் மிஷின் கொடுத்த கம்பெனிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அம்மா மறுபடியும் அடுப்பு முன்னால் உட்கார வேண்டியதுதான்.

பங்குனியில் மொட்டை மாடியில் அது வந்து உட்கார்ந்தது. சாய்த்து வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே கறுப்புத் தகடு, தலைமாட்டில் ஒரு தொட்டி. தெருவில் அதற்கு வெயில் பாய்லர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூட வந்த சிறு புத்தகத்தைப் படித்துவிட்டு நான் வீட்டில் சட்டம் போட்டேன். யாரும் அதைத் தொடக் கூடாது, திருகக் கூடாது, அதன் மேல் துணி உலர்த்தக் கூடாது. முதல் நாள் சாயங்காலம் அம்மா குழாயைத் திறந்துவிட்டு, "ஐயோ சுடுதுடி!" என்று கையை உதறிக்கொண்டு சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

சந்தோஷம் ஒரு வாரம்தான் நீடித்தது. அதற்கப்புறம் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது, குழந்தையைக் குளிப்பாட்டக்கூடப் போதாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கை வைக்க முடியாத சூடு. "உங்க மிஷினுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் டூட்டியா?" என்று பாய் வீட்டம்மா கேட்ட அன்றே கம்பெனிக்குக் காட்டமாக ஒரு கடிதம் அடித்தேன். மெக்கானிக் வந்தார். வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழாயைத் திறந்தார், விரலைச் சுட்டுக்கொண்டார், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இதில் அப்பா வேறு எரிச்சலைக் கிளப்பினார். "எனக்குக் கொதிக்கக் கொதிக்கத்தான் வருது. உனக்கு மட்டும் இன்னா குறை?" என்றார். மாதக்கணக்கில் வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதர் அந்த நாட்களில் நல்ல உற்சாகமாக இருந்தார். இன்னொரு அதிசயமும் நடந்தது. டேனரி இரண்டு தெரு தள்ளித்தான் என்றாலும் அதுவரை வேலை நேரத்தில் வீட்டை எட்டிப் பார்க்காதவர், இப்போது தினமும் காலை பத்து மணிக்கு டீ குடிக்க சைக்கிளில் வர ஆரம்பித்திருந்தார். "கடை டீ புடிக்கலையாம். வந்து குடிச்சிட்டு, மாடியில ஒரு நட நடந்துட்டுப் போறாரு" என்று அம்மா என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை இப்போதும் மறக்கவில்லை. மாடிப்படி ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். அதனால் அவர் மேலே போவதே இல்லை.

அதிகாரி புதன்கிழமை மாலை நாலு மணிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. நான் மூன்று மணிக்குப் பெர்மிஷன் கேட்டு வைத்திருந்தேன். அவரோ வாணியம்பாடி வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று பதினொன்றரைக்கே வந்து நின்றுவிட்டார். பாய் வீட்டம்மா தன் வீட்டு டெலிபோனில் என்னைக் கூப்பிட்டார், அப்பாவுக்கும் ஆள் அனுப்பினார். நான் ஓட்டமும் நடையுமாக வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அதிகாரியை மாடிக்கு அழைத்துப் போனேன்.

மேலே போனதும் படியிலேயே நின்றுவிட்டேன். கண்ணாடிப் பெட்டியின் மேல், ஒரு மூலைகூடத் தெரியாமல், ஈரக் கோணி போர்த்தியிருந்தது. சுருக்கமில்லாமல் இழுத்து, நாலு முனையிலும் நாலு செங்கல். டேனரிக்காரன் கை பட்ட வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இது இன்னாம்மா?" என்றார் அதிகாரி.

அதற்குள் அப்பா, முழங்கால் வரை மடித்துக் கட்டிய லுங்கியோடு மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். கோணியைப் பார்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவே இல்லை. நேராக அதிகாரியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னார்: "நான்தாங்க மூடி வெச்சேன். உச்சி வெயில்ல தோலப் போட்டா இன்னா ஆவும்? வெறச்சிப்போய் அப்பளமா ஒடிஞ்சிடும். முப்பது வருஷமா நாங்க பத்து மணிக்கு மேல ஒரு தோலுக்கும் வெயில் காட்டினது இல்ல. இதுல கண்ணாடியச் சுத்தி ரப்பர் போட்டிருக்காங்க பாருங்க, மத்தியானம் தொட்டா கொழகொழன்னு இருக்குது. விட்டா ஒரு கோடைக்குத் தாங்குமா? அதான் காலை வெயில் மட்டும் காட்டிட்டு மூடிடறேன். சாயந்தரம் எடுத்துடுவேன்."

"ஞாயித்துக்கிழமை?" என்று நான் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அப்பா முதல் தடவையாகத் தயங்கினார். "ஞாயித்துக்கிழமை நீ வீட்ல இருப்ப. பாத்தா கத்துவ."

அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தைச் சரி செய்துகொண்டு, "ஐயா, சூரியனை மூடிட்டா தண்ணி எப்படிங்க காயும்?" என்றார்.

"காயுதுங்களே! தினம் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிறேன். வேணும்னா எங்க வீட்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா குனிந்து, கீழே முற்றத்தில் நின்ற அம்மாவிடம், "ஏம்மா, நீயே சொல்லு!" என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அது அண்டாத் தண்ணிங்க" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாவே மெதுவாகச் சொன்னார். "மிஷின் மேல இம்மாம் ஆசையா இருக்கீங்க. ஆறிப்போன தண்ணிய ஊத்திக்கச் சொல்ல மனசு வரல. நாலு மணிக்குக் காய வெச்சு வாளியில ஊத்தி வெச்சிடுவேன்."

ஒரு மாதமாக ராத்திரியில் அம்மா இருமியதற்கு வெக்கை, தூசி என்று நான் ஆயிரம் காரணம் சொல்லியிருந்தேன். பட்டை மூட்டை குறைந்துகொண்டே வந்ததை நான் பார்க்கவில்லை. என் மேல் எனக்கே வெறுப்பாக வந்தது. அப்பா கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பினார். போய் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துக் கீழே வைத்தார். கோணியைச் சுருட்டினார்.

"இது கெட்டுப்போச்சுன்னா அவ திரும்ப அடுப்பு முன்னால குந்துவாளேன்னுதான் சார் மூடினேன்" என்றார். "குந்த வெச்சதே நான்தான்னு ஆயிடுச்சே."

அதிகாரி நல்ல மனிதர். நான் அவர் ஆபீசுக்கு அடித்த கடிதங்களைப் படித்திருந்தும் நல்லவராகவே இருந்தார். "தோலுக்குத்தாங்க உச்சி வெயில் எமன். இதுக்கு அதான் சாப்பாடு. ரப்பர் போனா வேற போட்டுக்கலாம், மாத்துறது ரொம்ப சுலபம். நான் சாப்ட்டுட்டு நாலு மணிக்கு வர்றேன். அது வரைக்கும் யாரும் மாடி ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாலு மணி நேரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா வேலைக்குத் திரும்பிப் போகாமல் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் குறைவதற்காக முப்பது வருஷம் காத்திருந்தவர், அன்றைக்குப் போன ஒரு துண்டு மேகத்தைத் திட்டித் தீர்த்தார். நாலு மணிக்கு அதிகாரி வந்து குழாயைத் திறந்து கையை நீட்டினார். "அம்மாடி!" என்று கையை இழுத்துக்கொண்டார். அங்கேயே நின்றபடி, நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாய் வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை தட்டினார்.

மிச்சமிருந்த பட்டை மூட்டையை அன்றைக்கே அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீடே சிரித்துக்கொண்டிருந்தது, அம்மாவைத் தவிர. ராத்திரி சாப்பாடு போடும்போது தட்டைப் பார்த்தபடி, "மாடியில இனிமே உங்களுக்கு வேல ஒண்ணும் இல்ல. பத்து மணிக்கு வர மாட்டீங்க, இல்ல?" என்று கேட்டார். அப்பா குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது பின்கட்டில் புகை இல்லை. அம்மா குளித்து முடித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். மூச்சு வாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்கக் கூடாத ரகசியம் போலச் சொன்னார்.

"வந்தாருடி. டீ குடிச்சாரு. மாடிப் பக்கம் போகவே இல்ல."