வெயில் வரட்டும், மானிட்டர் பார்க்கலாம்

மானிட்டர் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் வேலையில் இருப்பவர்கள் கல்யாணத்துக்குப் போனாலும் மணமக்களைப் பார்ப்பதில்லை. மண்டபத்துப் பெரிய திரையின் மூலையில் வெளிச்சம் கசிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எனக்கு இது குன்னூரில் ஒரு கணினிக் கடையில் தொற்றியது. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். கடைக்கு வரும் மானிட்டர்களைச் சோதித்து, யாருக்கு எது கொடுத்த காசுக்குத் தகும் என்று சொல்வது என் வேலை. "மூணு மாசம் பாக்கலாம் அம்மணி, சரியா வந்தா நிரந்தரம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த "சரியா வந்தா" தினமும் என்னோடு பஸ் ஏறி வரும்.

கறுப்புத் திரை

திரை முழுக்கக் கறுப்பு, பிறகு வெள்ளை, பிறகு சிவப்பு என்று ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பார்த்தால்தான் ஒளிராமல் செத்துப்போன புள்ளிகள் தெரியும். ஓரத்தில் ஒளிக்கசிவு இருந்தால் கறுப்பில் காட்டிக்கொடுத்துவிடும். முதல் வாரம், கடையின் விளக்கை அணைத்துவிட்டு, மூக்கு திரையில் படாத குறையாக நின்றிருந்தேன். ஒரு மூலையில் கசிவைக் கண்டுபிடித்தபோது எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. பிரிண்டர் மை வாங்க வந்து வெகுநேரமாக என் பின்னால் நின்றிருந்தவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க, கரண்டு இல்லாத டிவில அப்படி என்ன படங்க ஓடுது?"

கேத்தி கேரட்

கேத்தியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அறுவடையைப் படமெடுத்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புகிறவர். படங்களைப் பெரிதாகப் பார்த்துத் தரம் பிரிக்க ஒரு மானிட்டர் வேண்டும் என்றார். முதலாளி விலை உயர்ந்ததைக் காட்டச் சொன்னார். அதில் கேரட் தீப்பிடித்த மாதிரி ஜொலித்தது. எனக்குச் சந்தேகம். "கையில கேரட் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். பையிலிருந்து மண்ணோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டும் உறவுக்காரர்கள் என்றே சொல்ல முடியாது. நிறத்தைக் குறைத்துப் பார்த்தும் சரிவரவில்லை. பக்கத்திலிருந்த விலை குறைந்த மானிட்டரில் அதே படத்தைப் போட்டேன். கையிலிருந்த கேரட்டும் திரையிலிருந்த கேரட்டும் ஒன்றாக இருந்தன. சந்தோஷத்தில் மண் உதிர்வதைக்கூட நான் கவனிக்கவில்லை. "முதல்ல காட்டுனதை நம்பி வெலை பேசுனா, லோடு எறங்குனதும் என்னைய வெரட்டி வெரட்டி அடிப்பாங்க" என்று சிரித்தபடி அவர் இரண்டாவதை வாங்கிக்கொண்டு போனார். முதலாளி கீபோர்டிலிருந்து மண்ணைத் தட்டினார்.

"நல்லாத்தான் விக்கற அம்மணி, ஆனா எனக்கில்ல, அவருக்கு."

டீ ஆபீஸ்

மூன்றாவது மாதக் கடைசியில் பெரிய வாய்ப்பு வந்தது. தேயிலை ஏல வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகம் எல்லா மேசைக்கும் புதுத் திரை வாங்கப்போகிறது. ஃபேக்டரிகள் அனுப்பும் தூளின் படங்களை அங்கே பெரிதாக்கிப் பார்ப்பார்கள். "இது முடிஞ்சா உன் விஷயமும் முடிஞ்சுது" என்றார் முதலாளி.

இரண்டு மாடல்களைக் கொண்டுபோனோம். ஒன்று கண்ணாடிபோல் பளபளக்கும் விலை உயர்ந்த திரை, மற்றது பளபளப்பில்லாத மேட் திரை. பளபளப்புத் திரையில் தூளின் ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாக எழுந்து நின்றது. மேலாளர் மேடம் பேனாவை எடுத்துவிட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சுவர் அகலத்துக்கு ஜன்னல். வெளியே மூடுபனி தவிர ஒன்றுமே இல்லை. அந்தப் பனி விலகினால் இந்தத் திரை என்ன ஆகும்? "மேடம், வெயில் வந்ததும் இன்னொருக்கா பாத்துட்டு முடிவு பண்ணலாங்களா?" என்றேன். முதலாளி என் காலை மிதித்தார். மேடம் பேனாவை மூடினார்.

"குன்னூர்ல இந்த மாசத்துல வெயிலை நம்பி யாரும்மா ஆர்டர் போடுவா?"

வெயில்

இரண்டு மானிட்டர்களும் அங்கேயே இருந்தன. பனியும் அங்கேயே இருந்தது. முதலாளி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். காலையில் பஸ் ஜன்னலைத் துடைத்துத் துடைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். ஒரு முற்பகலில் கடைக்கு முன்னால் நின்ற ஜீப்பின் நிழல் ரோட்டில் விழுந்தது. "அண்ணா, நிழலுங்க" என்று கத்திவிட்டு டீ ஆபீசுக்கு ஓடினேன். மேகம் மூடுவதற்குள் போய்விட வேண்டும். மூச்சிரைக்க முதலாளியும் பின்னாலேயே வந்தார்.

பளபளப்புத் திரையில் தூள் இல்லை. எதிர்மலைத் தேயிலைச் சரிவு இருந்தது, ஜன்னல் கம்பி இருந்தது, எங்கள் மூன்று பேர் முகமும் இருந்தது. வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினேன், முகங்கள் போகவில்லை. மேட் திரையிலோ தூள் அப்படியே இருந்தது. மேடம் குனிந்து, பளபளப்புத் திரையில் பார்த்துக் கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டார்.

"வேலைக்கு அந்த மேட் திரையையே குடுங்க, இது ஒண்ணை வேணும்னா வாஷ்பேசின் மேல மாட்டிக்கறோம்."

படியிறங்கும்போது முதலாளி வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு வர்றப்ப சர்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டு வா அம்மணி, நிரந்தரம் பண்ணிரலாம்" என்றார்.

நான் படித்தது என்னவோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். வேலை நிலைத்தது வானிலையால்.